வைகறை இரைப்பு

சென்னை மாநகரின் மேற்கே, வில்லிவாக்கத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையே பாடி என்னும் ஊர் உள்ளது. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருவலிதாயம் இவ்வூரிலேயே விளங்குகின்றது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற இத்தலத்தில், பரத்துவாச முனிவர் வலியன் என்னும் பறவையின் வடிவு கொண்டு இறைவனை வழிபட்டார் என்றும், அதனாலேயே ஊர் வலிதாயம் எனப் பெயர் பெற்றது என்றும் தலபுராணம் கூறும். வலியன் என்பது கரிக்குருவி. கரிச்சான் என்றும், இரட்டைவால் குருவி என்றும் சிற்றூரார் அதனை வழங்குவர்.

இப்பறவைக்கு ஓர் இயல்பு உண்டு. கீழ்வானம் வெளுக்கும் முன்னரே, காக்கையும் மைனாவும் கண் விழியாத இருட்பொழுதிலேயே, இது குரல் கொடுத்துவிடும். அதற்குப் பொழுதை அறிவித்தவர் எவர்? கதிரவன் இன்னும் எழவில்லை. ஊரில் ஒலிக்கும் மணியோசை அதற்குப் புரிவதில்லை. இவ்வினா சிறிதாகத் தோன்றினும், இதன் விடையோடு மனிதரைப் பற்றிய பெரிய நோய் ஒன்றின் இயல்பும் பிணைந்து கிடக்கின்றது.

1960களிலிருந்து பாடி தொழிலூராக வளர்ந்தது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய மின்கருவிகளையும் சக்கரங்களையும் திருகாணிகளையும் செய்யும் ஆலைகள் இங்கே எழுந்தன. அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. ஆகவே, ஊர் உறங்கும் வேளையிலும் உழைப்போர் பலர் இவ்வட்டாரத்தில் உளர். அத்தகையோர் வாழும் தெருவில் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வருவோம்.

அவ்வீட்டில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் இருக்கின்றான். மாலையில் மற்றப் பிள்ளைகளோடு ஓடியாடி விளையாடுகின்றான்; இரவில் வயிறார உண்டு, அயர்ந்து உறங்குகின்றான். ஆனால் மணி மூன்றரை ஆகும்போது திடுக்கிட்டு எழுகின்றான். படுத்தால் மூச்சு முட்டுகின்றது. எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழந்தாள்மேல் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுக்கின்றான். உள்ளே செல்லும் காற்றைவிட வெளியே வரும் காற்றே அவனுக்குப் பெருந்துன்பம் தருகின்றது. குழலூதினாற்போன்ற மெல்லிய சீழ்க்கையொலி அவன் மார்பிலிருந்து எழுகின்றது. தாய் முதுகை நீவிவிடுகின்றாள். பாட்டி ஆடாதோடைக் கசாயம் காய்ச்ச அடுப்பை மூட்டுகின்றாள். விடிந்து ஏழு மணி ஆவதற்குள் இரைப்பு தணிந்துவிடுகின்றது. எட்டரைக்குச் சிறுவன் பள்ளிக்குப் புறப்படுகின்றான்.

மாலையில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், மார்பில் ஒலி ஏதும் இல்லை. "இப்போது நன்றாகத்தானே இருக்கின்றான்!" என்று பக்கத்து வீட்டார் வியக்கின்றனர். தேர்வுக்கு அஞ்சி நடிக்கின்றான் என்பார் ஒருவர். கெட்ட கனாக் கண்டு எழுகின்றான் என்பார் மற்றொருவர். மூன்றரை மணிக்கு மூச்சுக்குத் தவித்தவன், பட்டப்பகலில் அதற்குச் சான்று காட்ட இயலாமல் தலை குனிந்து நிற்கின்றான். நோயினும் இது கொடிது.

இந்நோயை நம் சித்த மருத்துவர் இரைப்பு, ஈளை, சுவாசகாசம் எனப் பல பெயரிட்டு வழங்கினர். ஆஸ்துமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் மேல்மூச்சு வாங்குதல் என்பதே பொருள். நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டு செல்லும் குழல்கள் மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்வன. இரைப்பு நோயாளர்க்கு இக்குழல்களின் உட்புறம் எப்பொழுதும் சிறிது சிவந்து வீங்கியிருக்கும். இதனை அழற்சி என்பர். தூசியோ புகையோ சளிக்காய்ச்சலோ தூண்டியவுடன், குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, கோழை பெருகுகின்றது, வழி குறுகுகின்றது. இவ்வளவும் இன்று பலரும் அறிந்ததே. இவையெல்லாம் பகலிலும் உள்ளனவாக, நோய் மட்டும் இருளில் வருவானேன் என்பதே வினா.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியவர்களுள் ஒருவர் சர் ஜான் பிளாயர் என்னும் ஆங்கில மருத்துவர். லிச்பீல்டு என்னும் ஊரில் வாழ்ந்த அவர் தாமே இரைப்பு நோயால் வருந்தியவர். 1698ஆம் ஆண்டில் அந்நோயைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். நள்ளிரவு கடந்து ஒரு மணி இரண்டு மணி அளவில் துயிலெழுப்பி வருத்துவது இந்நோயின் வழக்கம் என்று அதில் குறித்தார். நாடித் துடிப்பை எண்ணுவதற்கென ஒரு கடிகாரத்தைச் செய்வித்தவரும் இவரே. பொழுதையும் நோயையும் சேர்த்து நோக்கிய கண் அவருடையது. தம் உடம்பே அவருக்கு ஏடாயிற்று.

அவருக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1988இல், இங்கிலாந்தில் 7,729 இரைப்பு நோயாளரிடம் வினவிய ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 74 பேர் வாரத்தில் ஒருநாளேனும் இரைப்பினால் இரவில் விழித்தெழுபவர். பாடிச் சிறுவன் தனியன் அல்லன்.

இரவிற்குப் பலரும் பல காரணம் கூறுவர். பனியென்பர், குளிர்ந்த காற்று என்பர், தலையணைப் பஞ்சில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத உண்ணிகள் என்பர், படுப்பதால் கோழை தேங்குகின்றது என்பர், உண்ட உணவின் புளிப்பு மேலெழுந்து வருகின்றது என்பர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. மார்கழிப் பனியும் போகிப் புகையும் சென்னை வாழ் நோயாளரை எவ்வளவு வருத்தும் என்பதை அவர்தம் வீட்டாரே அறிவர். ஆயினும், பனியில்லாத சித்திரையிலும், படுக்கையை மாற்றிய பின்னும், அதே நாழிகையில் இரைப்பு வருகின்றதே! ஆகவே, புறத்தே உள்ள காரணங்களுக்கு அப்பால், அகத்தே ஒன்று இருத்தல் வேண்டும்.

அகத்தே உள்ள அந்த ஒன்றை முதலில் காட்டியது ஒரு மரம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாண்டரின் கப்பற்படையோடு சென்ற ஆண்டிராசுதனீசு என்பவர், இன்று பகுரைன் எனப்படும் தீவில் ஒரு மரத்தைக் கண்டார். அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. அது புளியமரமே என்று அறிஞர் கருதுவர். நம் ஊர்ச் சிறுவர் நாள்தோறும் காணும் காட்சி இது, காண்பதோடு நின்றுவிடுகின்றோம். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான் என்பார் தொட்டாற்சிணுங்கி இனத்துச் செடி ஒன்றை இருளில் வைத்துப் பார்த்தார். ஒளியே படாதிருந்தும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்தன. வேளை தவறாமல் குவிந்தன. பொழுதைச் செடி புறத்தே காணவில்லை, தன்னுள்ளேயே வைத்திருந்தது.

இவ்வியலைத் தமிழ்நாட்டில் வளர்த்த பெருமை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சாரும். அங்குப் பேராசிரியராக விளங்கிய எம். கே. சந்திரசேகரன் அவர்களும் அவர்தம் மாணவர்களும் குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தனர். ஒளி நுழையாத குகையின் உட்புறத்திலும் வௌவால் மாலை வேளையை அறிந்து எழுவதையும், தன் இனத்தாரின் கூட்டத்தால் தன் உட்பொழுதைத் திருத்திக்கொள்வதையும் அவர்கள் 1981இல் வெளியிட்டனர். பின்னர், மனிதர் கடிகாரமும் கதிரொளியும் இன்றித் தனித்து வாழ்ந்து தம் உட்பொழுதை அளந்தறிவதற்கான அறைகளையும் அப்பல்கலைக்கழகத்திலேயே அமைத்தனர். மனிதனின் உட்பொழுது இருபத்துநான்கு மணிக்குச் சிறிதளவே மிகுந்து ஓடுவது என்பதும், நாள்தோறும் காலையொளி அதனைத் திருத்துகின்றது என்பதும் இத்தகைய ஆய்வுகளால் உலகெங்கும் நிறுவப்பட்டன. கரிக்குருவியின் குரலுக்கும் இதுவே விடை.

இனி, இந்த உட்கடிகாரத்தைச் செய்த பொருள் யாது? பெற்றோர் உடற்கூற்றைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்க்கும் மரபணுக்களே அப்பொருள். 1971இல் அமெரிக்க அறிஞர் கொனோப்கா, பென்சர் என்னும் இருவர் வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீக்களை வளர்த்து ஆராய்ந்தனர். ஓர் ஈயின் வழித்தோன்றல்களுக்கு ஒரு நாள் என்பது 19 மணியாக இருந்தது. மற்றொன்றின் வழியினவற்றுக்கு 28 மணியாக இருந்தது. வேறொன்றின் வழியினவற்றுக்கு நாள் என்னும் ஒழுங்கே இல்லை. மூன்று பிழைகளும் ஒரே மரபணுவில் நேர்ந்தவை என்று அவர்கள் கண்டனர். அம்மரபணுவுக்குப் பீரியட் என்று பெயர். அது தொழிற்படும் வகையைத் துலக்கிய ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

அத்தொழில் வகையை அறிவதற்கு நம் முன்னோரின் நாழிகை வட்டில் உதவும். அடியில் சிறு துளையுள்ள வட்டிலை நீரில் மிதக்க விடுவர். துளைவழி நீர் ஏறும். நிரம்பியதும் வட்டில் அமிழும். கணக்கர் அதனை எடுத்து நீரைக் கொட்டி மீண்டும் மிதக்க விடுவார். உயிரணுவினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. மரபணுவின் ஏவலால் ஒரு புரதம் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. அது நிரம்பச் சேர்ந்ததும் உட்கருவினுள் புகுந்து, தன்னை உண்டாக்கிய மரபணுவையே வாய் மூடச் செய்கின்றது. பின்னர் அப்புரதம் தேய்ந்தழிய, மரபணு மீண்டும் வாய் திறக்கின்றது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். மனிதரிடம் கிளாக், பிமால்1 என்னும் மரபணுக்கள் ஏவும் தொழிலையும், பீரியட், கிரிப்டோகுரோம் என்பன அடக்கும் தொழிலையும் செய்கின்றன. மூளையில், இரு கண்களின் நரம்புகளும் கூடுமிடத்துக்கு மேலே, ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இக்கடிகாரங்களுக்கெல்லாம் தலைமை தாங்குகின்றது.

கடிகாரங்கள் என்று பன்மையில் கூறியது வழுவன்று. தலைமைக் கடிகாரம் ஒன்றேயாயினும், கல்லீரலுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என உறுப்புதோறும் கடிகாரம் உண்டு. மூச்சுக்குழல்களின் உட்பரப்பில் உள்ள அணுக்களிலும் அது ஓடுகின்றது. அவ்வணுக்களில் மட்டும் பிமால்1 மரபணுவை நீக்கிய எலிகளின் நுரையீரலில் அழற்சி வரம்பு கடந்து பெருகியதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. அழற்சிக்குக் காவல் நிற்பவற்றுள் அக்கடிகாரமும் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

பண்டைத் தமிழர் நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தனர்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. இப்பகுப்பைக் கொண்டே உடலின் ஒரு நாளைப் பார்க்கலாம். எற்பாடு எனப்படும் பிற்பகலில், மணி நான்கு அளவில், மனிதனின் மூச்சுக்குழல்கள் மிக அகன்றிருக்கும். யாமத்தில், அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகக் குறைந்துபோகும். வைகறையில், குழல்களை விரிக்கும் அட்ரினலின் தன் தாழ்நிலையை அடையும். குழல்களை இறுக்கும் நரம்பின் கை ஓங்கும். இரவில் இரைப்புறுவோரின் நுரையீரலில் ஈசினோபில் முதலிய அழற்சி அணுக்கள் மிகுந்து கூடும். மணி நான்கு அளவில் குழல்கள் மிகக் குறுகும். நோயற்றவருக்கும் இவ்வேறுபாடு உண்டு. 1980இல் வெளியான அளவீட்டின்படி, அவருக்கு உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி நூற்றுக்கு எட்டு அளவே. அவர் உறங்குவார், அறியார். இரைப்பு நோயாளருக்கோ அது நூற்றுக்கு ஐம்பது.

இங்கே கூர்மையான மாணவன் ஒருவன் தடை எழுப்பக்கூடும். "வைகறையில் மனிதன் உறங்குகின்றான், படுத்திருக்கின்றான், அறை இருண்டு குளிர்ந்திருக்கின்றது. இவற்றால் வந்த குறுக்கத்தைக் கடிகாரத்தின் தலையில் ஏற்றுவது எங்ஙனம்?" நல்ல தடையே. அமெரிக்க நாட்டின் பாஸ்டன், போர்ட்லாந்து நகரங்களின் ஆய்வாளர் இதற்கு விடை கண்டு 2021இல் வெளியிட்டனர். இரைப்பு நோயுள்ள பதினேழு பேர் ஆய்வுக்கு உடன்பட்டனர். முதற்கட்டத்தில், அவர்களை 38 மணி நேரம் உறங்கவிடாது, மங்கிய ஒளியில், சாய்ந்த நிலையிலேயே இருக்கச் செய்து, இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரே வகைச் சிற்றுண்டி அளித்தனர். உறக்கமும் இல்லை, இருக்கையில் மாற்றமும் இல்லை, உணவில் வேறுபாடும் இல்லை. மற்றொரு கட்டத்தில், ஒரு நாளுக்கு 28 மணி என்னும் கணக்கில் ஒரு வாரம் வாழச் செய்தனர். உட்கடிகாரம் அவ்வளவு நீண்ட நாளைப் பின்பற்ற மாட்டாது. ஆகவே உறக்கம் ஒருபுறம், உட்பொழுது ஒருபுறம் எனப் பிரிந்தன. நெல்லையும் பதரையும் முறத்திலிட்டுப் புடைத்ததுபோல் ஆயிற்று.

கண்டது யாது? உறங்கினும் விழித்திருப்பினும், உட்கடிகாரம் இரவெனக் காட்டிய வேளையிலேயே மூச்சின் வலிமை குன்றியது. அவ்வேளையில் நோயாளர் உடனடி மருந்தை உறிஞ்சியது, பகலெனக் காட்டிய வேளையைப் போல நான்கு மடங்கு வரை ஆயிற்று. உறக்கத்துக்கும் படுக்கைக்கும் பங்கு உண்டு. ஆனால் அவை நீங்கிய பின்னும் கடிகாரத்தின் பங்கு நிற்கின்றது. இரண்டும் ஒன்று சேரும் வேளையே வைகறை.

எனின், ஒருவர்க்கு இரவில் வருவதும் மற்றொருவர்க்கு வாராதிருப்பதும் ஏன்? இங்கும் மரபணுவின் கை இருக்கலாம். அட்ரினலினை ஏற்றுக் குழலை விரிக்கும் ஏற்பி ஒன்று தசையணுவின் மேற்பரப்பில் உண்டு. அதனை ஆக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிய வடிவம், இரவில் மூச்சு குன்றும் நோயாளரிடம் நூற்றுக்கு 80 அளவிலும், குன்றாத நோயாளரிடம் 52 அளவிலும் காணப்பட்டதென 1995இல் ஓர் ஆய்வு கூறிற்று. எனினும் அவ்வாய்வில் பங்கு கொண்டோர் ஐம்பதின்மருக்கும் குறைந்தவரே. இரைப்பு ஒரு மரபணுவால் வருவதன்று. பல மரபணுக்களும் மூச்சுக் காற்றும் வாழும் இடமும் கூடி விளைப்பது. தந்தைக்கு இருந்ததனால் மகனுக்கு வந்தே தீரும் என்பதும் இல்லை. வாராது என்பதும் இல்லை.

பாடிச் சிறுவனின் தந்தைக்கும் இளமையில் இரைப்பு இருந்தது. இப்போது ஆலையில் இரவு முறையில் உழைக்கின்றார். உட்கடிகாரம் உறங்கு என்னும் வேளையில் விளக்கொளியில் நின்று, உண்ணாதே என்னும் வேளையில் உண்டு வாழ்பவரின் உறுப்புக் கடிகாரங்கள் ஒன்றோடொன்று இசையாது போகின்றன. இங்கிலாந்தில் 2,80,000க்கும் மேற்பட்டோரின் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு, நிலையாக இரவில் உழைப்போரிடம் நடுத்தரமான அல்லது கடுமையான இரைப்பு, பகலில் உழைப்போரைவிட நூற்றுக்கு 36 அளவு மிகுந்திருக்கக் கண்டது. இரவு வேலையே நோய்க்குக் காரணம் என்று இதனால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் உறங்க விளக்கெரித்து உழைப்பவரின் மார்பையும் ஆண்டுக்கொருமுறை சோதித்துப் பார்ப்பது மிகையாகாது.

பொழுதறிந்த மருத்துவர் மருந்துக்கும் பொழுது பார்க்கத் தலைப்பட்டனர். அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை எட்டு மணிக்கோ இரவு எட்டு மணிக்கோ கொடுப்பதைவிட, பிற்பகல் மூன்று மணிக்குக் கொடுத்தபோது இரவு இரைப்பு நன்கு தணிந்ததென 1992இல் ஓர் ஆய்வு கண்டது. எற்பாட்டில் உண்ட மருந்து வைகறையில் காவல் நிற்கின்றது. உறிஞ்சும் மருந்துகளிலும் இவ்வழியே ஆய்வுகள் நடைபெறுகின்றன. எவருக்கு எந்த வேளை என்பதை மருத்துவரே வகுத்தல் வேண்டும்; இரவில் எழாத நாட்களில் மருந்தை நிறுத்திவிடுவோர் பின்னர் மிக வருந்துவர். வைகறை இரைப்பு வெறும் தொல்லையன்று. இரைப்பினால் நேரும் இறப்புகள் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடைப்பட்ட வேளையில் மிகுதி என்று மருத்துவ ஏடுகள் காட்டுகின்றன. ஆகவேதான், இரவில் ஒருமுறை எழுவதையும் நோய் அடங்காமைக்கு அடையாளமாக மருத்துவர் கொள்வர்.

மாலையில் மட்டும் நோயாளனைக் காணும் மருத்துவருக்கு வைகறையைக் காட்டுவது எங்ஙனம்? அதற்கும் ஒரு கருவி உண்டு. மூச்சை முழுவதும் இழுத்து ஒரே ஊதாக ஊதினால், காற்றின் வேகத்தை முள் நகர்ந்து காட்டும் சிறு குழல். பீக் புளோ மீட்டர் என்பது அதன் பெயர். பாடிச் சிறுவனுக்கு அதனை வாங்கித் தருமாறு ஒரு மருத்துவர் கூறினார் என்று கொள்வோம். பழைய கணக்கேடு ஒன்றில் தாய் கோடு கிழித்தாள். மாலை நான்கு மணிக்கு அவன் ஊதியது 350. மறுநாள் விடியுமுன் எழுந்து ஊதியது 210. இரண்டின் இடைவெளி 140, இரண்டின் சராசரி 280, நூற்றுக்கு ஐம்பது. இரண்டு வாரம் இவ்வாறு எழுதிய ஏட்டை மாலையில் மருத்துவர்முன் வைத்தபோது, அவர் சிறுவனின் மார்பில் குழலை வைத்துக் கேட்பதற்கு முன்னரே, விடியற்கால எண்கள் இருந்த பத்தியின்மேல் விரலை ஓட்டி, "எத்தனை நாளாக இப்படி எழுகின்றாய்?" என்று வினவினார். நடிக்கின்றாயா என்று எவரும் கேட்கவில்லை. சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆடி மாதத்திலிருந்து, ஐயா" என்று சொல்லத் தொடங்கினான்.